ஆளில்லாச் சபையில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள்: என் யூஸ்நெட் அனுபவம்

1997 ஜனவரி. அமெரிக்காவின் வடக்குப் பக்கம் ஒரு பல்கலைக்கழக ஊர், வெளியே முழங்கால் அளவு பனி. இட்லி மாவு இரண்டு நாளாகியும் பொங்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள அப்போது எனக்கு இருந்த இடம், தலைப்புவாரியான குழுக்களில் எழுதிப் பேசும் யூஸ்நெட்தான். ஆய்வகக் கணினியில் யூஸ்நெட் படிக்க உதவும் டின் மென்பொருளைத் திறந்து, சமையல் குழு ஒன்றுக்கும் சாக்.கல்ச்சர்.தமிழ் குழுவுக்கும் சேர்த்து ஒரே கேள்வியைப் போட்டேன். மறுநாள் காலையில் நாற்பதுக்கு மேல் பதில்கள் வந்திருந்தன. மாவைப் பற்றி மூன்று. மற்றதெல்லாம் நான் இரண்டு குழுவுக்கும் சேர்த்துப் போட்டது சரியா, பதில்கள் எந்தக் குழுவுக்குப் போக வேண்டும் என்று குறித்திருக்க வேண்டாமா, சமையல் குழுவின் சாசனம் இதற்கு இடம் தருகிறதா என்கிற சண்டை. பதினோரு நாள் ஓடியது. அதற்கு நடுவே, பேத்தி வீட்டில் தங்கியிருந்த வயதான அம்மா ஒருவர், ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து எனக்குத் தனி மின்னஞ்சல் அனுப்பினார்: "தம்பி, மாவை ஓவனுக்குள்ள வெச்சு லைட்டை மட்டும் போட்டு விடுங்க. அடுப்பைப் பத்த வெச்சிடாதீங்க." மறுநாள் காலை பாத்திரத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு வழிந்திருந்தது.

அன்றிலிருந்து இன்றுவரை, வேலை மாறினாலும் ஊர் மாறினாலும், யூஸ்நெட்டை நான் விட்டதில்லை. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. 1979-இல் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் யோசித்துத் தொடங்கிய ஏற்பாடு இது. சொந்தக்காரர் என்று ஒருவர் கிடையாது. ஒரு சர்வரில் போட்ட செய்தி பக்கத்து சர்வருக்குப் போகும், அது அடுத்ததற்குக் கொடுக்கும், இப்படியே உலகம் சுற்றும். செய்திகளைப் பார்த்து அனுமதிக்கும் மட்டுறுத்துநர் உள்ள குழுக்களும் உண்டு. ஆனால் பெரும்பாலான குழுக்களில் அப்படி யாரும் இல்லை. ஒருவரை வெளியே தள்ள அங்கே கதவே கிடையாது.

ஆனால் ஒரு குழுவைத் தொடங்குவதற்கு மட்டும் கறாரான முறை இருந்தது. முதலில் எல்லோரும் பேச வேண்டும், பிறகு வாக்கெடுப்பு. ஆதரவு மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும். எதிர்ப்பைவிட நூறு வாக்காவது கூடுதலாகவும் இருக்க வேண்டும். குழு தொடங்குவதில் இருந்த கட்டுப்பாடு பிடிக்காதவர்கள் 1987-இல் ஆல்ட் என்ற தனிக் கிளையைத் தொடங்கி, வாக்கும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று போனார்கள். வாக்கெடுப்பில் வென்ற குழுவுக்கு ஒரு சாசனம் இருக்கும்: இங்கே இன்னது பேசலாம், இன்னது கூடாது. குழு பிறந்த மறுநாளிலிருந்து அந்தச் சாசனத்தைக் காப்பாற்ற ஆள் கிடையாது. சண்டைகள் எல்லாம் இந்த இடத்தில்தான் முளைத்தன.

இத்தனை வருடம் பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது. எண்ணிச் சரிபார்க்க முடிந்த விதிகள் நின்றன. ஒருவர் மனசைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய விதிகள் ஒன்றுகூட நிற்கவில்லை.

செய்தியின் அடியில் சேர்க்கும் கையெழுத்து வரிகள் நான்குக்கு மேல் போகக் கூடாது என்பது ஒரு பழைய வழக்கம். யாரும் எண்ணிப் பார்க்கலாம். ஐந்தாவது வரி இருந்தால் ஒருவர் சொல்வார், எழுதியவர் திருத்திக்கொள்வார், முடிந்தது. அப்புறம் குப்பை விளம்பரங்கள். 1994 ஏப்ரலில் கேன்டர், சீகல் என்ற அரிசோனா வழக்கறிஞர் தம்பதி கிரீன் கார்டு விளம்பரத்தை ஆயிரக்கணக்கான குழுக்களில் கொட்டினார்கள். நான் வந்து சேர்ந்தபோதும் அந்தக் கோபம் ஆறியிருக்கவில்லை. அதன் பிறகு குப்பையை நீக்கக் கிளம்பிய தன்னார்வலர்கள், "இது மோசமான செய்தி" என்று சொல்லி எதையும் நீக்கவில்லை. ப்ரைட்பார்ட் குறியீடு என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்கள். ஒரே செய்தியின் ஒவ்வொரு பிரதியும் எத்தனை குழுவுக்குப் போனதோ அதன் வர்க்கமூலத்தை எடுத்துக் கூட்ட வேண்டும். 45 நாளுக்குள் கூட்டல் 20-ஐத் தொட்டால் அது குப்பை, நீக்கலாம். செய்தியில் என்ன எழுதியிருக்கிறது என்ற பேச்சே இல்லை. கடவுளைப் பற்றி எழுதினாலும் கடன் அட்டையைப் பற்றி எழுதினாலும் ஒரே அளவுகோல்.

என் இட்லிக் கேள்வியின் சண்டையும் இப்படித்தான் அடங்கியது. பதினோராம் நாள் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார்: ஒரு பிரதி, இரண்டு குழு, இரண்டின் வர்க்கமூலம் 1.41. இருபதுக்கு எவ்வளவு தூரம் என்று பாருங்கள் என்றார். அதற்கு மேல் யாரும் எழுதவில்லை.

இதற்கு நேர் எதிர், "இது இந்தக் குழுவுக்குச் சம்பந்தமில்லை" என்கிற விதி. நான் அதிகம் புழங்கிய ஒரு குழுவில், பெயர் வேண்டாம், ஓட்டல் சாப்பாட்டைப் பற்றிப் பேசலாமா கூடாதா என்று நாலு வருடம் சண்டை நடந்தது. சாசனத்தில் சமையல் என்று இருந்தது, சாப்பாடு என்று இல்லை. ஒருவர் இதைக் காப்பதையே தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். ஓட்டல் என்று யார் எழுதினாலும் அவரிடமிருந்து அதே எட்டு வரி எச்சரிக்கை வரும். அவர் கெட்டவர் அல்ல, அந்தக் குழுவை நிஜமாகவே நேசித்தவர். ஆனால் முதல்முறை எழுத வந்த பெண் ஒருவர், ஊரில் சாப்பிட்ட மீன்குழம்பை எப்படி வைப்பது என்று கேட்டுவிட்டு, அந்த எட்டு வரியையும் அதன் கீழே நடந்த முப்பது பதில் சண்டையையும் பார்த்துவிட்டுத் திரும்பி வரவே இல்லை. விதியை மீறியவர்களால் அந்தக் குழு இழந்த ஆட்களைவிட, விதியைக் காக்கப் புறப்பட்டவரால் இழந்த ஆட்கள் அதிகம். இதை எழுதும்போது இன்றும் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அந்த மீன்குழம்புக் கேள்விக்கு நானும் பதில் எழுதவில்லை. சண்டையில்தான் எழுதினேன்.

கில்ஃபைல் என்று ஒன்று உண்டே, அதில் போட்டுவிட்டால் போயிற்றே என்பார்கள். ஒருவர் பெயரை அதில் சேர்த்தால் அவர் எழுதுவது நம் கண்ணில் படாது. நல்ல வசதிதான், எனக்கு எத்தனையோ இரவுகளைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. ஆனால் அது என் கண்ணை மட்டும்தான் மூடும். மற்றவர்கள் அவரை மேற்கோள் காட்டித் திட்டும்போது, அவர் வரிகள் முழுசாக என் திரைக்கு வந்துவிடும். புதிதாக வருபவருக்கோ கில்ஃபைல் காலியாக இருக்கும், எல்லாமே தெரியும்.

சர்வர் நடத்துபவர்கள் சேர்ந்து முடிவெடுத்த இடங்களில் பலன் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1997 ஆகஸ்டில், குப்பையைத் தடுக்காத காரணத்துக்காக யூயூநெட் என்ற பெரிய இணைய இணைப்பு நிறுவனத்திலிருந்து வரும் செய்திகளை நீக்கத் தொடங்கினார்கள். ஊர்விலக்கு மாதிரி. சில நாளிலேயே அந்த நிறுவனம் வழிக்கு வந்தது. அங்கேயும் பிரச்சினை கண்ணால் எண்ணக்கூடிய அளவில் இருந்தது. ஆனால் ஒரு செய்தியை அழிக்கச் சொல்லி சர்வர்களுக்கு அனுப்பும் நீக்கல் கட்டளையை யார் பெயரில் வேண்டுமானாலும் போலியாக அனுப்ப முடியும் என்பதால், பிடிக்காதவர் கருத்தை அழிக்கவும் சிலர் அதைப் பயன்படுத்தினார்கள். நாளடைவில் பல சர்வர்கள் நீக்கல் கட்டளைகளைக் கண்டுகொள்வதையே விட்டுவிட்டன. சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது தண்டர்பேர்ட் என்ற மென்பொருளில் படிக்கிறேன். எடர்னல் செப்டம்பர் என்ற சர்வரில் இலவசமாகக் கணக்கு கிடைக்கிறது, எழுத்து மட்டும் உள்ள குழுக்களுக்கு அது போதும். 2024 பிப்ரவரி 22-இல் கூகுள் குரூப்ஸ் தளம் யூஸ்நெட் இணைப்பை நிறுத்திய பிறகு என் குழுக்களில் கூட்டம் இன்னும் மெலிந்துவிட்டது. பழைய குழுவில் பதினைந்து பேர் இருந்தால் அதிகம். ஓட்டலைப் பற்றியும் பேசுகிறோம், மூட்டு வலியைப் பற்றியும் பேசுகிறோம். சாசனத்தை யாரும் எடுத்துக் காட்டுவதில்லை.

போன மாதம் கணினி மாற்றும்போது கில்ஃபைலைத் திறந்து பார்த்தேன். 41 பெயர்கள். பலர் எழுதியே பல வருடம் ஆகியிருக்கும். அந்த எட்டு வரிக்காரரின் பெயர் மூன்றாவதாக இருந்தது. எடுத்துவிட்டுக் குழுவின் செய்திகளைப் புதுப்பித்தேன். நான்கு நாளுக்கு முன் அவர் ஒரு கேள்வி போட்டிருந்தார்: மனைவி இறந்தபின் தானே ரொட்டி சுடப் பழகுகிறாராம், மாவு உப்பவே மாட்டேன் என்கிறதாம், சமையலறை ரொம்பக் குளிர்கிறதாம். பதில் ஒன்றுகூட இல்லை. மற்றவர்களும் அவரைக் கில்ஃபைலில் வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. ஓவனில் லைட்டை மட்டும் போட்டு வைக்கச் சொல்லி எழுதினேன்.