தனியா இருக்கறவங்களுக்கு சென்னை ஞாயித்துக்கிழமை: தியேட்டரா, லைப்ரரியா, பீச்சா?

சென்னையில தனியா வீடு எடுத்து இருக்கறவங்களுக்கு வாரநாள் எப்படியோ ஓடிடும். காலையில மோட்டார் போடறது, ஆபீஸ், டிராபிக், திரும்பி வந்து மாவு பாக்கெட்ட பிரிச்சு ரெண்டு தோசை, போன், தூக்கம். ஞாயித்துக்கிழமைதான் சிக்கல். துணி துவைச்சு காயப்போட்டு வீட்டக் கூட்டி பத்தரை மணிக்கெல்லாம் வேலை முடிஞ்சிடும், அப்புறம் ராத்திரி வரைக்கும் நேரம் அப்படியே கிடக்கும். குடும்பத்துல யாராவது ஒருத்தர் கிளம்புங்கன்னு சொல்லிடுவாங்க, இங்க நாமளே சொல்லி நாமளே கிளம்பணும், இல்லன்னா கட்டில்லயே போயிடும்.

எங்க போறதுன்னு கேட்டா எல்லாரும் செலவு, தூரம் ரெண்டையும்தான் கணக்கு பண்றாங்க. நான் அதுக்கு முன்னாடி ஒண்ணு பாப்பேன், அந்த இடத்துக்கு ஒத்த ஆளா போறது சாதாரண விஷயமா இருக்கா இல்லையா. "எத்தனை பேரு மேடம்?" "கூட யாரும் வரலையா?" "யாருக்காவது வெயிட் பண்றீங்களா?" இந்தக் கேள்வியெல்லாம் வராத இடமா இருக்கணும், யாரும் எந்திரிங்கன்னு சொல்லாம நம்ம இஷ்டத்துக்கு உக்கார முடியணும். பொண்ணுங்களுக்கு இது இன்னும் ரெண்டு மடங்கு முக்கியம், ஏன்னா கேள்வியோட நிக்காது, பார்வையும் சேந்து வரும். இத வெச்சுத்தான் கீழ எல்லாத்தையும் எடை போட்டிருக்கேன்.

முதல்ல வீட்டுலயே ஓடிடி பாக்கறத சொல்லிடறேன், வெளிய இருக்கற எல்லா இடத்துக்கும் போட்டி அதுதான். சந்தா கட்டியாச்சு, வெயில் இல்ல, ஆட்டோ பேரம் இல்ல. ஆனா வாரம் பூரா ராத்திரி அதத்தான் பாக்கறோம், ஞாயித்துக்கிழமையும் அதே கட்டில் அதே ஸ்கிரீன்னா அன்னைக்கு லீவுன்னு எத வெச்சு தெரியும்? தனியா இருக்கறவங்க ஒரு நாள் முழுக்க ஒரு மனுஷங்க கிட்டயும் வாய் தொறந்து பேசாமயே இருந்துட முடியும், அது நல்லதில்லன்னு நான் உறுதியா நம்பறேன். காய்ச்சல் அடிச்சா ஓடிடி, மத்த நாள்ல கதவப் பூட்டிட்டு வெளிய வாங்க.

தியேட்டர். இங்க தனி ஆளுக்கு ஒரு லாபம் இருக்கு, அது வேற யாருக்கும் கிடையாது. எல்லாரும் ரெண்டு ரெண்டா நாலு நாலா எடுக்கறதால நடுவுல ஒத்த சீட்டு மிஞ்சிக்கிட்டே இருக்கும், பெரிய ஹீரோ படம் முதல் வாரம் சேந்தாப்புல ரெண்டு சீட்டு கிடைக்காம பசங்க அலைவாங்க, அதே ஷோவுல ஒரு டிக்கெட்டுன்னா பின்னாடி நல்ல வரிசையிலயே கிடைச்சிடும். விலையும் தமிழ்நாட்டுல ஒரு கட்டுக்குள்ள இருக்கு, 2017-ல மல்டிபிளக்ஸுக்கு வரி சேக்காம அதிகபட்சம் 150 ரூபான்னு அரசாங்கம் வரம்பு வெச்சாங்க, அதனால வேற பெரிய ஊர்கள்ல நடக்கற மாதிரி சனி ஞாயிறு ஆனா விலை எங்கயோ எகிறாது. ஆன்லைன்ல எடுத்தா கூட ஒரு கட்டணம் போடுவான், பாப்கார்ன் கிட்டத்தட்ட டிக்கெட் விலைக்கு வரும், அது நம்ம கையில இருக்கு. தேவி தியேட்டர் 1970-ல இருந்து அண்ணா சாலையில இருக்கு, அரசினர் தோட்டம் மெட்ரோவுல இறங்கி நடந்துடலாம்.

தியேட்டர் இருட்டு தனி ஆளுக்கு ரொம்ப பாதுகாப்பான விஷயம், லைட் அணைஞ்சா யாரு தனியா வந்தா யாரு ஜோடியா வந்தான்னு யாருக்கும் தெரியாது. இடைவேளைதான் கொஞ்சம் கஷ்டம், லைட் போட்டதும் எல்லாரும் கூட்டமா எந்திரிச்சு போவாங்க, நாம பாத்ரூம் போகணும்னா பைய யாரப் பாத்துக்கச் சொல்றதுன்னு ஒரு நிமிஷம் யோசிக்கணும், பக்கத்துல ஒரு குடும்பம் இருந்தா அந்த அம்மாகிட்ட சொல்லிட்டுப் போங்க, இதுவரைக்கும் முகம் சுளிச்சவங்கள நான் பாத்ததில்ல. ஷோவுல காலைக்காட்சிதான் என் சாய்ஸ். ஞாயித்துக்கிழமை சாயங்கால ஷோ முழுக்க குடும்பங்க, அந்த கூட்டத்துல ஒத்த ஆளா நிக்கறது நமக்கே தனியா தெரியும், காலையில வர்றவங்க பாதிப்பேரு நம்மள மாதிரிதான். படம் முடிஞ்சு வெளிய வந்தா நல்ல வெளிச்சம், சாப்பாட்டு நேரம், வீட்டுக்கு எப்படிப் போறதுன்ற பயம் கிடையாது.

தியேட்டர்ல குறை என்னன்னா ரெண்டரை மணி நேரத்துக்கு மேல அது நம்ம இடம் இல்ல. படம் முடிஞ்ச உடனே பெருக்கற ஆளு உள்ள வந்துடுவாரு, எந்திரிச்சே ஆகணும். படம் மொக்கையா இருந்தா காசும் போச்சு நேரமும் போச்சு.

அங்கதான் லைப்ரரி ஜெயிக்குது, என்னப் பொறுத்தவரைக்கும் இந்த ஊரு தனி ஆளுக்குக் குடுத்ததுல பெரிய விஷயம் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம்தான். 2010 செப்டம்பர்ல திறந்தாங்க, அடுத்த வருஷமே அத எடுத்துட்டு குழந்தைகள் ஆஸ்பத்திரியா மாத்தறோம்னு அறிவிப்பு வந்துச்சு, ஹைகோர்ட் வரைக்கும் போயி தடை வாங்கினதாலதான் இன்னைக்கு அங்க நாம உக்காந்திருக்கோம். அந்த கட்டடம் தப்பிச்சதுக்கு நான் இப்பவும் சந்தோஷப்படறேன். உள்ள போறதுக்கு காசு கிடையாது, ஏசி இருக்கு. மொட்டை மாடி ரூம்ல இருக்கறவங்களுக்கு மே மாசத்துல இந்த ஒண்ணே போதும், மத்தியானம் ரூம்ல ஃபேன் அனல்காத்துதான் வீசும், இங்க சாயங்காலம் வரைக்கும் ஜன்னல் ஓரமா உக்காந்து படிக்கலாம்.

அங்க சொந்த புத்தகத்த எடுத்துட்டுப் போயி படிக்கறதுக்குன்னு தனிப் பகுதி இருக்கு. டிஎன்பிஎஸ்சி, யூபிஎஸ்சி, பேங்க் எக்ஸாம்னு படிக்கற பசங்க பொண்ணுங்க காலையிலயே வந்து இடம் பிடிச்சிடுவாங்க, ஊர்ல இருந்து வந்து ஹாஸ்டல்ல தங்கி படிக்கறவங்க நிறைய பேர், எல்லாருமே ஒத்த ஆளுங்க. அந்த ஹாலுக்குள்ள நுழைஞ்சா முதல் தடவையா நாம மெஜாரிட்டியா இருக்கோம்னு தோணும். ஞாயித்துக்கிழமை லேட்டா போனா அந்தப் பகுதியில இடம் கிடைக்கறது கஷ்டம், அப்போ மாடியில ரேக் பக்கம் போயிடுங்க, தமிழ்ப் புத்தகங்களுக்கே ஒரு தளம் இருக்கு, எதையாவது எடுத்து உக்காந்தா நேரம் போறதே தெரியாது. சாப்பிட கேன்டீன் அங்கயே இருக்கறதால நடுவுல வெளிய அலைய வேண்டாம்.

எழும்பூர் கன்னிமாராவும் இருக்கு, 1896-ல திறந்தது, இந்தியாவுல அச்சாகற ஒவ்வொரு புத்தகத்துலயும் ஒரு காப்பி சட்டப்படி வந்து சேர்ற நாலு நூலகங்கள்ல ஒண்ணு. பழைய புத்தகம் தேடறவங்களுக்கு அதுதான், பக்கத்துலயே மியூசியமும் இருக்கு, வெங்கலச் சிலைங்கள அவசரப்படாம பாக்கறதுக்கு தனியா போறதுதான் சரி, கூட வந்தவங்க "போலாமா"ன்னு கேக்க மாட்டாங்க. ஆனா சும்மா ஒரு நாள் முழுக்க உக்காரறதுக்கு கோட்டூர்புரம்தான் வசதி.

லைப்ரரியில என்ன குறைன்னா பேச முடியாது. நாள் பூரா பேசாம இருக்கறது நல்லதில்லன்னு மேல நானே சொன்னேன், இங்கயும் அதேதான் நடக்கும், என்ன, சுத்தி ஆள் இருப்பாங்க. அதனால இத ஒரு நாளோட பாதியாத்தான் வெச்சுக்கணும், மீதிப் பாதிக்கு பீச்.

பீச்சுன்னா எந்த பீச், இது சென்னையில பெரிய சண்டை. மெரினாவ 1880-கள்ல கிராண்ட் டஃப்னு ஒரு கவர்னர் நடக்கறதுக்குன்னே பாதை போட்டு உண்டாக்கினாரு, இன்னைக்கும் அது நடக்கறதுக்கான பீச்தான். உழைப்பாளர் சிலையில இறங்கி காந்தி சிலை வரைக்கும் உள்பக்க நடைபாதையில நடந்தா சுமார் 2 கிலோமீட்டர் வரும், நடக்கற ஆள யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. மணல்ல இறங்கினா கத வேற. மெரினா மணல் ரொம்ப அகலம், தண்ணி வரைக்கும் போறதுக்குள்ள குதிரைக்காரர், பலூன் சுடற கடை, கைரேகை பாக்கறவங்க, சுண்டல் பையன்னு வரிசையா நிறுத்துவாங்க. எனக்கு அது பிடிக்கும், அந்த சத்தம் வேணும், "அக்கா சூடா சுண்டல்கா"ன்னு யாராவது ஒருத்தர் உரிமையா கூப்பிடறது தனியா இருக்கற ஆளுக்கு சின்ன விஷயம் இல்ல. ஆனா மணல் நடுவுல தனியா ஒரு பொண்ணு இருட்டினப்புறம் உக்காந்தா பார்வை வரும், அதனால அஞ்சு மணிக்குப் போயி, இருட்டினதும் ரோட்டோர பெஞ்சுக்கு வந்துடறது நல்லது. ராத்திரி பத்து மணி வாக்குல போலீஸ் விசில் அடிச்சு எல்லாரையும் அனுப்பிடுவாங்க.

பெசன்ட் நகர் அப்படியில்ல. ரோட்டுக்கும் மணலுக்கும் நடுவுல குட்டைச் சுவர், அதுல கடலப் பாத்து உக்காந்துடலாம், பின்னாடி வெளிச்சம், கடைங்க, ஆள் நடமாட்டம். தனியா உக்காந்திருக்கற பொண்ணுங்க அங்க சகஜம், ஒருத்தர் காதுல இயர்போன், ஒருத்தர் கையில புத்தகம், யாரும் திரும்பிப் பாக்கறதில்ல. இந்த ஒரு விஷயத்துல பெசன்ட் நகர் மெரினாவ விட பல மடங்கு மேல, இத ஒத்துக்கத்தான் வேணும். ஆனா சாயங்காலம் போனா கை காலியா திரும்ப முடியாது, காபி, மோமோஸ், ஐஸ்கிரீம்னு சுத்தி இருக்கறதெல்லாம் காசு கேக்கற கடைங்க, ரயிலும் கிடையாது, பஸ்ஸ விட்டா ஆட்டோதான். அதனால பெசன்ட் நகருக்கு நான் காலை நேரத்த சொல்லுவேன், ஆறு மணிக்கு ஓடறவங்க, சைக்கிள்காரங்க, வாக்கிங் பெரியவங்கன்னு பாதிப்பேரு தனித்தனியாத்தான் இருப்பாங்க, சூரியன் கடல்ல இருந்து எழும்பறதும் அப்பத்தானே.

ரெண்டு பீச்சுக்கும் சேத்து ஒண்ணு. பெசன்ட் நகர் மணல்ல வெள்ளையா வளைவு மாதிரி ஒரு நினைவுச்சின்னம் நிக்குதே, அது அலையில மாட்டினவங்கள காப்பாத்தப் போயி 1930-ல செத்துப்போன ஷ்மிட்னு ஒரு டேனிஷ்காரருக்கு வெச்சது. காப்பாத்தப் போன ஆளுக்கே அந்த கதி. தனியா போறவங்க கணுக்காலுக்கு மேல தண்ணியில இறங்கவே கூடாது, கூட ஆள் இல்லன்னா இழுத்துட்டுப் போனா கூட யாருக்கும் உடனே தெரியாது. இதுல எனக்கு விட்டுக்குடுக்கறதே கிடையாது.

இப்ப எல்லாத்தையும் சேத்துப் பாத்தா ஒரு நாளுக்கு என் கணக்கு இதுதான்: மத்தியானம் வரைக்கும் அண்ணா நூலகம், அப்புறம் கோட்டூர்புரம் ஸ்டேஷன்ல பறக்கும் ரயில் (தூண் மேல ஓடற எம்ஆர்டிஎஸ்) ஏறி கலங்கரை விளக்கத்துலயோ திருவல்லிக்கேணியிலயோ இறங்கி மெரினா. ரெண்டும் ஒரே லைன்ல இருக்கறது நிறைய பேருக்கு தெரியவே இல்ல, டிக்கெட்டும் டீ காசுதான். பீச் முடிஞ்சு திருவல்லிக்கேணிக்குள்ள நடந்து வந்தா ரத்னா கஃபே, 1948-ல இருந்து இருக்கு, இட்லி மேல சாம்பார ஜக்குல கொண்டு வந்து ஊத்துவாங்க. இந்த மாதிரி பழைய ஓட்டல்கள்ல எனக்கு பிடிச்சது என்னன்னா கூட்டமா இருந்தா தெரியாதவங்களோட ஒரே டேபிள்ல உக்கார வெச்சுடுவாங்க, "எத்தனை பேரு"ன்னு கேட்டு ஓரமா ஒரு சின்ன டேபிளுக்கு அனுப்பறது கிடையாது. எதிர்ல உக்காந்த பெரியவர் "இன்னும் கொஞ்சம் சாம்பார் கேளும்மா"ன்னு சொல்லுவாரு, அன்னைக்கு பேச்சும் ஆச்சு சாப்பாடும் ஆச்சு. மால் ஃபுட் கோர்ட்ல நாலு பேர் டேபிள தனியா பிடிச்சு, சாப்பாடு வாங்கப் போறதுக்குள்ள அது போயிடுமோன்னு கர்சீஃப் போடறதெல்லாம் இங்க தேவையில்ல.

டிசம்பர் வந்தா இந்த கணக்க மாத்திடுங்க, சபாக்கள் திறந்துடும். சாயங்காலக் கச்சேரிக்குத்தான் டிக்கெட், மத்தியானம் இளையவங்க பாடற கச்சேரி நிறைய சபாக்கள்ல இலவசம். சங்கீதம் தெரியணும்னு அவசியம் இல்ல, மயிலாப்பூர், தி.நகர் பக்கம் எதுக்காவது போயி பின்னாடி வரிசையில உக்காந்து பாருங்க, பெரியவங்க பாதிப்பேரு ஒத்த ஆளா மஞ்சப்பையோட வந்து உக்காந்து தொடையில தாளம் போட்டுட்டு இருப்பாங்க. கேன்டீன்ல தெரியாதவங்க கூட "இன்னைக்கு யார் கச்சேரி கேட்டீங்க"ன்னு பேச ஆரம்பிச்சிடுவாங்க. தியேட்டர், லைப்ரரி, பீச் மூணுலயும் இல்லாத அந்த பேச்சு இங்க தானா வரும், ஒரே வருத்தம் அது வருஷத்துல சில வாரம்தான். ஜனவரியில நந்தனம் புத்தகக் கண்காட்சியும் இதே மாதிரிதான், கூட்டமா போறவங்க அப்பளத்தையும் பஜ்ஜியையும் பாத்துட்டு வந்துடறாங்க, தனியா போனாத்தான் ஸ்டால் ஸ்டாலா நின்னு புரட்ட முடியுது.

திரும்பி வர்றதப் பத்தி மட்டும் பொண்ணுங்களுக்கு சொல்லிடறேன். பறக்கும் ரயில் பகல்ல எவ்வளவு நல்லதோ ராத்திரி அவ்வளவு நம்ப முடியாது, ஸ்டேஷனெல்லாம் பெருசு பெருசா கட்டி ஆளே இல்லாம கிடக்கும், மாடிப்படியில லைட் இருக்கான்னு பாத்துதான் ஏறணும். எட்டு மணிக்கு மேல ஆச்சுன்னா ரயில விட்டுடுங்க. சாதாரண கட்டண பஸ்ல 2021-ல இருந்து பெண்களுக்கு காசு கிடையாது, மெரினா ஓரமா போற காமராஜர் சாலையில இல்லன்னா அண்ணா சாலையில அந்த பஸ்ஸ பிடிச்சு கண்டக்டர் பக்கத்து சீட்டுல உக்காந்துடுங்க, லேட்டானாலும் பரவாயில்ல.