மூன்று வார விடுமுறையும் ஒரு ஊதுகருவியும்

இந்த முறை ஊருக்குப் போனபோது சிகரெட்டை விடும் எண்ணமே எனக்கு இல்லை. அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போன இடத்தில் ‘புகைப்பழக்கம் நிறுத்த ஆலோசனை’ என்று ஒரு பலகை கண்ணில் பட்டது. அம்மாவின் முறை வர எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகும். சரி, போய்த்தான் பார்ப்போமே என்று உள்ளே நுழைந்தேன்.

வெளிநாட்டில் இரண்டு முறை முயன்று தோற்றவன் நான். முதல் முறை வெறும் வைராக்கியத்தில் நிறுத்தினேன். பதினோரு நாள் தாங்கியது. அடுத்து நிகோட்டின் சூயிங்கம். கடைக்காரர் ஒன்றும் சொல்லித் தரவில்லை. நானும் விடாமல் மென்றேன்; விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம்.

ஆலோசகர் அம்மா முதலில் ஒரு கருவியில் ஊதச் சொன்னார். சிகரெட் புகையால் மூச்சில் சேரும் கார்பன் மோனாக்சைடு வாயு 21 என்று காட்டியது. "எழுந்து எவ்வளவு நேரத்துல முதல் சிகரெட், தம்பி?" பல் தேய்க்கும் முன்பே என்றேன். அரை மணிக்குள் பற்றவைப்பவருக்கு 2 மில்லிகிராம் கம் போதாது, 4 வேண்டுமாம். "மெல்லுங்க, காரம் ஏறினதும் கன்னத்துல ஒதுக்குங்க. காரம் அடங்கினா மறுபடி மெல்லுங்க." இத்தனை வருடத்தில் இதை ஒருவரும் சொன்னதில்லை.

எதுதான் அதிகம் பலிக்கும் என்று கேட்டேன். துணையில்லாமல் விடுபவர்களில் நூற்றுக்கு 3 முதல் 5 பேரே ஆறு மாதம் தாண்டுகிறார்கள். தோலில் ஒட்டும் நிகோட்டின் பேட்ச் மட்டுமோ கம் மட்டுமோ என்றால் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இரண்டையும் சேர்த்தால் இன்னும் கூடும். 8,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட 2016 ஆய்வில் பேட்சையும், புகையை விட உதவும் புப்ரோபியான் மாத்திரையையும், அதற்கே தரப்படும் வரெனிக்ளின் மாத்திரை முந்தியது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாமே என்று இழுத்தேன். அதே வருடம் வந்த இன்னொரு ஆய்வில், ஒரே நாளில் நிறுத்தியவர்களில் 49 சதவீதத்தினர் நான்கு வாரம் தாக்குப்பிடித்தார்கள். குறைத்துக்கொண்டே வந்தவர்களில் 39 தான். வாயை மூடிக்கொண்டேன்.

மருத்துவர் வரெனிக்ளின் எழுதினார். ஒரு வாரம் மாத்திரை போட்டுக்கொண்டே புகைக்கலாம், எட்டாம் நாள் நிறுத்த வேண்டும். குமட்டல் வந்தது. கனவுகளோ சினிமாஸ்கோப்!

குறை சொல்வதென்றால், அந்தப் பிரிவு வாரத்தில் இரண்டு மதியங்கள்தான் திறக்கிறது; மாத்திரைக்கும் நான்கு கடை ஏறி இறங்கினேன். ஆனால் ஆலோசகர் எட்டாம் நாளும் பத்தாம் நாளும் தானே போன் செய்தார். கிளம்புவதற்கு முந்தின நாள் மறுபடி ஊதினேன்: 3.

பன்னிரண்டு வார மாத்திரையில் இன்னும் ஐந்து வாரம் பாக்கி. வியாழக்கிழமை அவர் அழைப்பார்.