மடக்கவா, அடுக்கவா, விட்டுவிடவா?

344 சதுர அடி. ஹாங்காங்கில் கட்டடக் கலைஞர் கேரி சாங்கின் வீடு அவ்வளவுதான். பெற்றோர், மூன்று சகோதரிகள் என்று குடும்பமே நெருக்கியடித்து வாழ்ந்த அதே வீட்டை 2007-இல் ஒரே அறையாக்கினார். சுவர்களைக் கூரையில் பதித்த இரும்புத் தண்டவாளத்தில் தொங்கவிட்டார். டிவி மாட்டிய சுவரை இழுத்தால் பின்னால் சமையலறை, இன்னொன்றை இழுத்தால் குளியல் தொட்டி, அதன் மேலேயே வந்து இறங்கும் கட்டில். மொத்தம் 24 விதமாக மாற்றலாம்.

சிறிய வீட்டில் இடத்தை மிச்சப்படுத்தும் பேச்சு எழுந்தாலே இந்த வீட்டைக் காட்டிவிடுகிறார்கள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்: அங்கே இருந்தவர் ஒருவர். 24 அறைகள் என்றாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதானே? ஒருவர் தூங்கும்போது இன்னொருவருக்குக் குளிக்கவேண்டும் என்றால் கட்டிலைத் தூக்கியாக வேண்டும்.

இதே யோசனையை நாலு பேருக்குச் செய்து காட்டிய வீடு அதற்கு எண்பது ஆண்டு மூத்தது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 1924-இல் கட்டடக் கலைஞர் கெரிட் ரீட்வெல்ட், மூன்று பிள்ளைகளின் தாயான ட்ரூஸ் ஷ்ரோடருக்குக் கட்டியது. மாடி முழுவதும் பகலில் ஒரே கூடம். தடுப்புகளை இழுத்துவிட்டால் தனித்தனி அறைகள். கட்டட விதிகளைச் சமாளிக்க, வரைபடத்தில் அந்த மாடியைப் 'பரண்' என்று காட்டினார்களாம்! அந்த அம்மாள் 1985-இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். அறுபது வருடம் ஒரு வீடு சலிக்காமல் இருந்ததற்குக் காரணம், அங்கே முக்கியமாக நகர்ந்தவை தடுப்புகள் என்பதே என்று நினைக்கிறேன். காலையில் ஒரு தள்ளு, இரவில் ஒரு இழுப்பு. மெத்தை, தலையணை, போர்வை என்று எதையும் சுருட்டவேண்டியதில்லை.

சுவருக்குள் மடங்கும் கட்டிலில் சிக்கலே அதுதான். இருவர் படுக்கும் 5 x 6½ அடிக் கட்டில் 32 சதுர அடியை விடுவிக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த 32 சதுர அடியில் நிரந்தரமாக எதையும் வைக்க முடியாது; டீப்பாய் வைத்தால் தினமும் இரவில் அதை நகர்த்தவேண்டும். சோம்பல் வந்த நாளிலிருந்து கட்டில் இறங்கியபடியே கிடக்கும். அப்புறம் அது கூடுதல் விலை கொடுத்து வாங்கிய சாதாரணக் கட்டில். பாரம் தாங்க செங்கல் சுவரோ கான்கிரீட்டோ வேண்டும் என்பதையும் பலர் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். ஜிப்சம் பலகைத் தடுப்பில் மட்டும் திருகிவிட்டால் ஆபத்து.

அடுக்குவது வேறு வழி. டோக்கியோவில் கட்டடக் கலைஞர் தகமிட்சு அசுமா 1966-இல் வெறும் 20 சதுர மீட்டர் மனையில் தன் குடும்பத்துக்காக ஒரு கோபுரமே எழுப்பினார். தளத்துக்கு ஓர் அறை, உள்ளே கதவுகளே கிடையாது, குளியலறைக்கும்கூட. மறைவுக்குக் கதவு செய்யும் வேலையை அங்கே உயரம் செய்துவிடுகிறது. இழுக்க, மடக்க, எண்ணெய் போட எதுவுமில்லை. விலை? ஒவ்வொரு தளத்திலும் படிக்கட்டு ஒரு பங்கைத் தின்னும்; மீதியை முழங்கால் கொடுக்கும்.

அடுக்ககத்தில் இருப்பவர்களுக்கு இது பரண் படுக்கையாகச் சுருங்குகிறது. இங்கே கணக்கு கறாரானது. கீழே நிமிர்ந்து நடக்க 6½ அடி, பலகைக்கும் மெத்தைக்கும் ஓர் அடி, மேலே உட்கார்ந்தால் தலை இடிக்காமலிருக்க 3 அடி: ஆக 10½ அடி. 9½ அடிக் கூரையின் கீழ் இதைச் செய்தால் கீழே குனியவேண்டும், மேலே தவழவேண்டும். அத்துடன் சூடான காற்று மேலேதான் தேங்கும். பரணுக்கென்று ஒரு காற்றுவழி இல்லாவிட்டால் வெயில் காலத்தில் யாரும் ஏறமாட்டார்கள்.

மூன்றாவது, விட்டுக்கொடுப்பது. ஒசாகாவில் கட்டடக் கலைஞர் ததாவோ ஆண்டோ 1976-இல் முடித்த சுமியோஷி வீடு, குறுகிய மனையை மூன்றாகப் பிரித்து நடுப்பங்கை வானத்துக்கே விட்டுவிட்டது. வெளிச்சம் அபாரம். மழை பெய்தால் படுக்கையறையிலிருந்து கழிவறைக்குக் குடை பிடித்துப் போகவேண்டும். ரசிக்கலாம், என்னால் குடியிருக்க முடியாது. ஆனால் ஜன்னலோரம் அலமாரி அடிக்காமல் விடும் அளவுக்காவது இதிலிருந்து எடுத்துக்கொள்வேன்.

கூரை 10½ அடிக்கு மேல் இருந்தால் நான் பரணுக்கே போவேன். இல்லையென்றால், ஒருவருக்கு மேல் இருக்கும் வீட்டுக்கு, உட்ரெக்ட் வீட்டைப் போல இழுத்துவிடும் தடுப்பு. மடக்குக் கட்டில் தனியாக வாழ்பவருக்கும், எப்போதாவது வரும் விருந்தினருக்கும். அதையே வாங்கத் தீர்மானித்தவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன், திறந்த கட்டிலின் அளவுக்குத் தரையில் டேப் ஒட்டி, இரண்டு வாரம் இரவுதோறும் அந்தக் கட்டத்தைக் காலி செய்து பார்க்கட்டும்.