பழைய இ-கிளாஸ்: டயர் மாற்றியதும் மைலேஜ் எவ்வளவு கூடியது?

என்னிடம் இருப்பது 2008 மாடல் மெர்சிடிஸ் இ 220 சிடிஐ. டபிள்யூ211 தலைமுறை, 2,148 சிசி டீசல், ஐந்து கியர் ஆட்டோமேட்டிக், பின்சக்கரம் தள்ளும் வண்டி. 15 வருடம் முடிந்து ஆர்சி புதுப்பித்தாகிவிட்டது. இன்னும் சில வருடம் வைத்து ஓட்டத்தான் எண்ணம். அதனால் டயரிலும் டீசலிலும் போகிற காசைக் கொஞ்சம் கவனமாகவே பார்த்து வருகிறேன்.

வண்டி கைக்கு வந்தபோது அதில் 225/60 ஆர்16 டயர் இருந்தது (225 என்பது மி.மீ.-இல் அகலம், 60 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவர் எத்தனை சதவீத உயரம், 16 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம்). கம்பெனி கொடுத்த அளவு 225/55 ஆர்16. நம் ஊர் வேகத்தடைகளில் அடிவயிறு தட்டாமல் இருக்க இப்படி ஒரு சைஸ் ஏற்றிப் போடுவது பழைய சொகுசுக் கார்களில் சகஜம். இன்னொரு காரணமும் உண்டு. 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு, வெளிநாட்டிலிருந்து மட்டுமே வந்துகொண்டிருந்த சில சைஸ்கள் கடைகளில் அரிதாகிவிட்டன. கிடைத்ததைப் போட்டுக்கொண்டு போனவர்கள் நிறைய.

அந்த டயரில் பட்டன், அதாவது சாலையைத் தொடும் வெட்டுகளின் ஆழம், நன்றாகவே இருந்தது. ஆனால் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் நான்கு இலக்கத்தைப் பார்த்தால் வயது தெரிந்துவிடும். முதல் இரண்டு இலக்கம் எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த வருடம். ரப்பர் கல்லாக இறுகியிருந்தது. மழையில் சிக்னலில் கிளம்பும்போது பின்பக்கம் லேசாக வழுக்கி, ஈஎஸ்பி (வண்டி வழுக்காமல் காக்கும் அமைப்பு) விளக்கு மின்னும். 1,600 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியில் அந்த விளக்கை அடிக்கடி பார்ப்பது நல்லதல்ல.

மைலேஜ் விஷயத்துக்கு வருகிறேன். சென்னை - திருச்சி சாலையில், டேங்க் ஃபுல் செய்து மறுபடி ஃபுல் செய்யும் கணக்கில், லிட்டருக்கு 13.2 கிடைத்துக்கொண்டிருந்தது. விக்கிரவாண்டி தாண்டி சாலையோரக் கிலோமீட்டர் கல்லை வைத்து, ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரைச் சரிபார்த்தேன். கல் கணக்கில் 100 கிலோமீட்டர் ஓடினால் மீட்டரில் 97-க்குக் கொஞ்சம் கீழேதான் ஏறியது. காரணம் எளிது. 225/55-இன் விட்டம் சுமார் 654 மி.மீ.; 225/60-க்கு 676. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை மட்டும்தான் மீட்டர் எண்ணுகிறது. டயர் 3.4 சதவீதம் பெரிதானால் அவ்வளவு தூரம் கணக்கில் வராமல் போகிறது. ஆக உண்மையான மைலேஜ் 13.65.

கம்பெனி அளவிலேயே மிஷெலின் பிரைமசி 4 எஸ்டி நான்கும் மாற்றினேன். அதே சாலை, அதே வேகம், இப்போது 14. மீட்டரை மட்டும் நம்பியிருந்தால் ‘டயர் மாற்றி 0.8 கூடிவிட்டது’ என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பேன். நிஜமாகக் கூடியது 0.35, அதாவது இரண்டரை சதவீதம். டயரின் உருளும் தடை பத்து சதவீதம் குறைந்தால் எரிபொருள் ஒன்று முதல் இரண்டு சதவீதம் மிச்சமாகும் என்பது பொதுவான கணக்கு. அதோடு ஒத்துத்தான் போகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டயர் தேயத் தேய விட்டமும் குறையும். 8 மி.மீ. பட்டன் 3 மி.மீ. ஆகும்போது விட்டத்தில் 10 மி.மீ. போய்விடும். மீட்டர் ஒன்றரை சதவீதம் கூடுதலாகக் காட்டும். தேய்ந்த டயர் லேசாக உருளும் என்பதும் உண்மைதான். அதனால் புது டயர் போட்டதும் ‘மைலேஜ் குறைந்துவிட்டது’ என்று பலர் பதறுவதில் வியப்பில்லை. டயரில் குறை இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

எனக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்தது காற்றில். வலது பின்சக்கரத்தில் மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காற்று இறங்கிக்கொண்டே இருந்தது. பஞ்சர் எதுவும் இல்லை. டயர் கடைக்காரர் ரிம்மைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் ஊற்றினார். டயரும் ரிம்மும் சேரும் விளிம்பில் ஊசிமுனை அளவுக்குக் குமிழ் வரிசையாகக் கிளம்பியது. “டயர்ல ஒண்ணும் இல்ல சார், ரிம்முதான் பொரிஞ்சிருக்கு” என்றார். டயரைக் கழற்றினால் அலாய் விளிம்பில் வெள்ளைப் பொடி படிந்து சொரசொரவென்று இருந்தது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, விளிம்புக்குச் சீலர் தடவி மாட்டினார். அதோடு நின்றது. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு மேற்பட்ட அலாய் என்றால், டயர் மாற்றும் அன்றே இதைச் செய்யச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

எவ்வளவு காற்று என்பது டீசல் மூடியைத் திறந்தால் உள்பக்க ஸ்டிக்கரில் இருக்கிறது. ஆள் குறைவாக இருந்தால் ஒன்று, முழுச் சுமைக்கு வேறொன்று. காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் சூடாகாதபோது பாருங்கள். நைட்ரஜனுக்குத் தனியாகக் காசு கொடுப்பதை விட்டுவிட்டேன். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

ஊருக்குள் 9, 10-தான் வருகிறது. ஏசி, நெரிசல், எடை மூன்றும் சேர்ந்தால் எந்த டயராலும் அதை மாற்ற முடியாது. நெடுஞ்சாலையில் 110-இல் போவதை 90-க்குக் குறைத்தால் கிடைப்பது எந்த டயரும் தராத மிச்சம்.

அதனால் மைலேஜுக்காக டயர் தேடுவதில் எனக்கு உடன்பாடில்லை. வருடம் 10,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 14 என்றால் சுமார் 714 லிட்டர். அதில் மூன்று சதவீதம் மிச்சமானால் 21 லிட்டர், ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய். அந்தத் தொகைக்காக ஈரச் சாலையில் நிற்கும் தூரத்தை யாரும் கூட்டிக்கொள்ளக் கூடாது. ஈரத்தில் பிடிப்பு முதலில், பிறகு சத்தம், அதன்பின் மைலேஜ். சுமைக் குறியீடு 95 (ஒரு டயருக்கு 690 கிலோ) என்பதற்குக் கீழே இறங்கவே வேண்டாம்.

இந்த டயரில் குறை என்றால் கரடுமுரடான கான்கிரீட் சாலையில் எழும் இரைச்சல். பின் டயர்களின் உள்விளிம்பு சீக்கிரம் தேய்கிறது. அது இந்த வண்டியின் பின்சக்கரச் சாய்வால் வருவது, டயரைச் சொல்லிக் குற்றமில்லை. அலைன்மென்ட் பார்க்கும்போது பின்பக்கத்தையும் சேர்த்துப் பார்க்கும் கடைக்குத்தான் போகிறேன்.

பட்டன் இப்போது 3 மி.மீ. பக்கம் இருக்கிறது. தேய்மானக் குறி 1.6-இல்தான் வரும், ஆனாலும் ஐப்பசி மழைக்கு முன்பே மாற்றிவிடுவேன். அதே 225/55 ஆர்16, நான்கும் ஒரே மாடல், தயாரித்து ஆறு மாதத்துக்குள் வந்த சரக்கு என்று கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.