பட்டறையில் கொடுத்த 38,500 ரூபாயும் வேறொரு வண்டியின் கிராஃபும்

முந்தாநாள் மாலைதான் எனக்கு முழு விவரமும் தெரிந்தது என்பதால் இந்தப் பதிவில் கோபம் சற்றுத் தூக்கலாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிளை ட்யூன் செய்து தருவதாகச் சொன்ன ஒரு பட்டறையில் 38,500 ரூபாயைக் கொடுத்துவிட்டு, விட்டபோது இருந்ததைவிட மோசமான வண்டியோடு வீடு திரும்பியிருக்கிறேன். பட்டறையின் பெயரை இப்போதைக்கு எழுதப்போவதில்லை. கோயம்புத்தூர் புறநகரில், 'பெர்ஃபார்மன்ஸ்' என்ற சொல்லைப் பெயர்ப்பலகையில் எழுதி, வாசலில் நான்கு விலையுயர்ந்த வண்டிகளை நிறுத்தி வைத்திருக்கும் இடங்களில் அதுவும் ஒன்று என்பது போதும். நடந்ததைச் சொல்லிவிட்டு, இன்ஜெக்‌ஷன் வண்டியை ட்யூன் செய்ய நினைப்பவர்களுக்கு விரிவான ஆலோசனையும் கடைசியில் தருகிறேன்.

என்னுடையது ராயல் என்ஃபீல்ட் இன்டர்செப்டர் 650. 648 சிசி, இரட்டை சிலிண்டர், கம்பெனிக் கணக்குப்படி 47 குதிரைத்திறன். வண்டியில் குறை என்று எதுவும் இருந்ததில்லை. ஆனால் சென்ற ஆண்டு ஆசை யாரை விட்டது என்று இரண்டு சைலன்சர்களையும் மாற்றினேன், பிறகு அதிகக் காற்றை உள்ளே விடும் ஏர் ஃபில்டரைப் போட்டேன், அதோடு நிற்காமல் ஏர் பாக்ஸின் மூடியையும் வெட்டித் திறந்துவிட்டேன். கார்புரேட்டர் காலமாக இருந்தால், காற்று கூடியதற்கு ஏற்ப பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை மாற்றி, ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பிக் காரியத்தை முடித்திருப்பார்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை ஈசியூ என்ற குட்டிக் கம்ப்யூட்டர் தனக்குள் இருக்கும் 'மேப்' என்ற அட்டவணையைப் பார்த்தே முடிவு செய்கிறது. ஒரே வேகத்தில் நிதானமாக ஓட்டும்போது ஆக்ஸிஜன் சென்சார் புகையைப் பார்த்து, கலவையை 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற அளவுக்குத் திருத்திக்கொண்டே இருக்கும். திராட்டிலை, அதாவது ஆக்ஸிலரேட்டரை, முழுதாக முறுக்கும்போது அந்தத் திருத்தம் கிடையாது, அப்போது அட்டவணை சொல்வதுதான் சட்டம். அந்த அட்டவணையோ கம்பெனி சைலன்சரையும் கம்பெனி ஃபில்டரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஆக, காற்று கூடியிருக்கிறது, பெட்ரோல் கூடவில்லை. இதைத்தான் லீனாக ஓடுகிறது என்கிறார்கள். இதைச் சரிசெய்யத்தான் அந்தப் பட்டறைக்குப் போனேன்.

நான் ஏமாந்த நிமிடத்தைச் சரியாகச் சொல்ல முடியும். பட்டறைக்காரருக்கு முப்பது வயது இருக்கும். எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, டீ வரவழைத்துக் கொடுத்து, பணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் ஒரு வைட்பேண்ட் சென்சாரைச் சைலன்சரின் முனையில் செருகி, திராட்டிலை மெல்ல முறுக்கினார். சிறிய திரையில் 14.9, 15.2, 15.4 என்று எண்கள் ஏறின. "பாத்தீங்களாண்ணா, பசியில ஓடுது உங்க வண்டி. லோடு குடுக்கறப்ப 13 பக்கத்துல வரோணும். இது ஸ்க்ரூவைத் திருப்பற வேலை இல்லீங்க, டைனோவுல ஏத்தி ஒவ்வொரு கட்டமா மேப் எழுதோணும். நெட்ல இருந்து எறக்கிப் போடற ஆளு நான் இல்லீங்ண்ணா" என்றார். டைனோ என்பது வண்டியின் சக்கரத்தை உருளையின்மேல் ஓடவிட்டுச் சக்தியை அளக்கும் இயந்திரம். அவர் சொன்ன எண்களில் பிழை கிடையாது. அதுதான் வயிற்றெரிச்சல். பொய் சொல்லி ஏமாற்றியிருந்தால் எனக்கு எங்கேயாவது தட்டியிருக்கும். அவர் உண்மையைச் சொல்லி நம்பவைத்துவிட்டு வேலையைச் செய்யாமல் விட்டார்.

பிக்கிபேக் பெட்டிக்கு 24,000, டைனோ ட்யூனிங்குக்கு 9,500, வயரிங்குக்கும் கூலிக்கும் 5,000, ஆக மொத்தம் 38,500 ரூபாய். பிக்கிபேக் என்பது ஈசியூவுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் உட்கார்ந்து, போகிற சிக்னலைக் கூட்டியோ குறைத்தோ அனுப்பும் சிறு பெட்டி. முழுப் பணத்தையும் அங்கேயே நின்று யூபிஐயில் அனுப்பினேன். பில் கேட்டபோது, "பில் வேணும்னா 18 பர்சன்ட் ஜிஎஸ்டி சேருமுங்க, எதுக்குண்ணா உங்களுக்குத் தண்டச் செலவு" என்றார். 6,930 ரூபாய் மிச்சம் என்று நானும் தலையாட்டினேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினாறு வருடமாகக் கணக்கு எழுதுகிறவன் நான். ரசீது இல்லாத வவுச்சரில் ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லை.

மூன்று நாள் என்றது பதினொரு நாளாயிற்று. வண்டியை எடுக்கப் போனபோது வழவழப்பான தாளில் அச்சிட்ட ஒரு டைனோ கிராஃபைக் கையில் கொடுத்தார். சிவப்புக் கோடு பழையது, நீலக் கோடு புதியது, பின்சக்கரத்தில் 40.8 குதிரைத்திறன் 46.9 ஆகியிருப்பதாகத் தாளின் மூலையில் எழுதியிருந்தது. ஓட்டிப் பார்த்தபோது திராட்டிலைத் தொட்டவுடன் வண்டி முன்னைவிட விறைப்பாகக் கிளம்பியது. அவிநாசி வரும்வரை ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன். அந்தத் தாளை ஏதோ பட்டச் சான்றிதழ் போல மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன்.

நான்காம் நாளிலிருந்து திராட்டிலை மூடும்போதெல்லாம் சைலன்சரில் பட்டாசுச் சரம் வெடித்தது. சிக்னலில் நின்றால் முழங்காலுக்குக் கீழே அனல் அடித்தது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வால்பாறைக்குக் கிளம்பினேன். ஆழியாறு தாண்டி மலை ஏறத் தொடங்கினால் மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஆறாவது வளைவிலேயே, மூன்றாம் கியரில் முறுக்கும்போது, தகர டப்பாவில் சில்லறையைப் போட்டுக் குலுக்கியது போன்ற சத்தம் எஞ்சினுக்குள்ளிருந்து வந்தது. நாக்கிங் அது. பொறி பற்றவைத்த நெருப்பு பரவி முடிவதற்குள், மீதிக் கலவை வெப்பமும் அழுத்தமும் தாங்காமல் தானாக வெடிப்பதால் வரும் சத்தம், பிஸ்டனைத் தின்றுவிடக் கூடியது. ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் காட்சிமுனையில் வண்டியை நிறுத்தி, சுற்றுலா வந்தவர்கள் அணையைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் எஞ்சின் ஆறட்டும் என்று முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு திராட்டிலைத் தொட்டும் தொடாமலும் உருட்டிக்கொண்டு கீழே இறங்கினேன்.

அன்று இரவே பட்டறைக்காரரை அழைத்தேன். "ஈசியூ கத்துக்கறதுக்கு ஒரு ஐநூறு கிலோமீட்டர் ஆகுமுங்ண்ணா" என்றார். ஐநூறு கிலோமீட்டர் கழித்து அழைத்தபோது, 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல்தான் காரணம் என்றார், எந்த பெட்ரோல் பங்க்கில் போட்டேன் என்று குறுக்கு விசாரணை வேறு. ஈ20 பெட்ரோலுக்குக் காற்றின் பங்கு குறைவாக வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அவர் ட்யூன் செய்ததாகச் சொன்ன அன்று டாங்கில் இருந்ததும் அதே ஈ20 தானே தம்பி என்று கேட்டதற்குப் பதில் இல்லை. மூன்றாம் முறை அழைத்தபோது டைனோ ஓட்டுகிறவர் ஊருக்குப் போயிருந்தார். நான்காம் முறை அவருடைய அத்தை இறந்திருந்தார். ஐந்தாம் முறை பட்டறைப் பையன் ஒருவன் எடுத்து, அண்ணன் வெளியே போயிருப்பதாகச் சொன்னான். பின்னணியில் அண்ணன் யாரிடமோ "பசியில ஓடுதுங்க உங்க வண்டி" என்று சொல்லிக்கொண்டிருப்பது எனக்குத் தெளிவாகக் கேட்டது. 38,500 ரூபாய் கொடுத்தவனுக்கு அந்த வரி மறக்குமா?

கடைசியில் எங்கள் ஊரிலேயே இருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். அறுபதைக் கடந்தவர், இளவயதில் சோழவரம் பந்தயங்களுக்கு வண்டி தயார் செய்தவர், பெயர்ப்பலகை இல்லாத ஒரு ஷெட்டில் இன்றும் வேலை செய்கிறார். அவர் முதலில் கழற்றியது ஸ்பார்க் பிளக்குகளைத்தான். பழுப்பு நிறமாக இருக்க வேண்டிய பீங்கான் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. இடது சிலிண்டரின் பிளக்கைச் சூரிய வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார், வெள்ளைப் பீங்கானின்மேல் மிளகுத்தூளைத் தூவியதுபோல் மிகச் சிறிய, பளபளக்கும் புள்ளிகள். "என்ன தெரியுதுங்களா சாமி? உங்க பிஸ்டனோட அலுமினியம் இது" என்றார். சிறிது நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை.

பிறகு அவருடைய மகன் லேப்டாப்பை எடுத்து வந்து பிக்கிபேக் பெட்டியில் இணைத்தார். பக்கவாட்டில் ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற எண்), மேலே திராட்டில் சதவீதம், நடுவில் நூற்றுக்கணக்கான கட்டங்கள். அந்தக் கட்டங்களில்தான் பெட்ரோலை எங்கே எவ்வளவு கூட்ட வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டும். எல்லாக் கட்டங்களிலும் பூஜ்யம். பெட்டி கடையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருந்தது. அடுத்த அட்டவணை இக்னிஷன் டைமிங், அதாவது பொறி எப்போது விழ வேண்டும் என்பது. அதில் மட்டும் முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை ஒரே எண், 4 டிகிரி அட்வான்ஸ். பொறியை முன்கூட்டியே பற்றவைத்தால் கை திருப்பியதும் வண்டி விறைப்பாகக் கிளம்புவது போலத் தோன்றும் என்று பெரியவர் விளக்கினார். நான் அவிநாசி வரை சிரித்தது அதற்குத்தான். ஆக்ஸிஜன் சென்சார்களின் பிளக்கையும் பிடுங்கி, அங்கே ஒரு போலி இணைப்பைச் செருகி வைத்திருந்தார்கள். அதனால் மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை, ஈசியூ செய்துகொண்டிருந்த சிறு திருத்தமும் போயிற்று. லீன் கலவை, முன்கூட்டிய பொறி, மலைச்சாலை, மூன்றையும் சேர்த்துத்தான் நான் வால்பாறைக்கு ஓட்டியிருக்கிறேன்.

வீட்டிலிருந்து அந்த கிராஃபையும் எடுத்துப் போயிருந்தேன். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளைக் கண்ணருகில் கொண்டுபோய்ப் பார்த்து, வாய்விட்டுச் சிரித்தார். தாளின் அடியில் ஆர்பிஎம் அளவு. நீலக் கோடு 9,000ஐத் தாண்டி 9,800 வரை போயிருந்தது. இன்டர்செப்டரின் மீட்டரில் 'ரெட்லைன்' எனப்படும் ஆபத்து எல்லை 7,500லேயே தொடங்கிவிடும், அதற்குமேல் எஞ்சினே தன்னை வெட்டிக்கொள்ளும். அது என் வண்டியின் கிராஃபே அல்ல. யாரோ ஒருவருடைய சிறிய, வேகமாகச் சுழலும் எஞ்சினின் கிராஃபை எடுத்து, மேலே என் வண்டி எண்ணை அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு மாதம் அந்தத் தாளை என் கையில் வைத்திருந்தும், தினமும் எண்களோடு புழங்கும் நான் குதிரைத்திறனைப் பார்த்தேனே தவிர, கீழே இருந்த அளவுகோலைப் பார்க்கவில்லை.

நேற்று நேரிலேயே போனேன். இந்த முறை ஸ்டூலும் இல்லை, டீயும் இல்லை. "வேற ஆளு கை வெச்ச வண்டிக்கு நாங்க பொறுப்பில்லீங்க" என்பது முதல் பதில். லேப்டாப் திரையைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன் என்றதும் குரல் மாறியது. "சைலன்சர், ஃபில்டர் எல்லாம் மாத்தினதே சட்டப்படி தப்புங்களே. எங்க வேணாலும் போய்ச் சொல்லுங்க, மொதல்ல உங்களத்தான் கேப்பாங்க." மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. பதிவான வண்டியை உற்பத்தியாளரின் விவரங்களுக்கு மாறாக மாற்றக் கூடாது என்பது விதிதான், அதில் என் தவறு இருப்பதை மறைக்கவில்லை. அந்தத் தவறு இருப்பதால் நான் வாயைத் திறக்க மாட்டேன் என்ற கணக்கில்தான் இவர்களின் தொழிலே நடக்கிறது போலும். கம்பெனி வாரண்டியை நான் எப்போதோ இழந்துவிட்டேன். பிஸ்டன் வேலைக்குப் பெரியவர் சொல்லியிருக்கும் தொகை தனி, அதை இந்த 38,500ல் நான் சேர்க்கவில்லை.

விரிவான ஆலோசனை தருவதாகச் சொன்னேன், இப்போது எழுதும் பொறுமை இல்லை, சிலவற்றை மட்டும் சொல்கிறேன். டைனோவில் வண்டி ஏறும்போது நீங்கள் அங்கே நில்லுங்கள், முடியாது என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே இயந்திரத்தில் எடுத்த கிராஃபைக் கேளுங்கள், அதில் ஆர்பிஎம் அளவைப் பாருங்கள். கலவை எண்ணும் அதே தாளில் கோடாக வர வேண்டும். மேப் கோப்பைப் பென் டிரைவில் வாங்குங்கள். நாக்கிங் கேட்டால் ஐநூறு கிலோமீட்டர் ஓட்டாதீர்கள், அன்றே நிறுத்துங்கள். 18 சதவீதத்தைக் கட்டி பில் வாங்குங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் இன்று காலை புகாரைப் பதிவு செய்துவிட்டேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது என்பதால் திங்கட்கிழமை அங்கேயும் மனு கொடுக்கிறேன். யூபிஐ பதிவு, வாட்ஸ்அப் உரையாடல், பூஜ்யங்கள் நிறைந்த அந்தத் திரையின் படம், 9,800 வரை ஓடும் அந்த கிராஃப், எல்லாவற்றுக்கும் மூன்று நகல் எடுக்க வேண்டும். அப்படியொரு பட்டறை வாசலில் பதினொரு நாளாகத் தன் வண்டியை விட்டுவைத்திருக்கும் யாராவது இதைப் படித்தால், இன்று மாலையே போய்ப் பாருங்கள்.