ஆவணம் நிரலோடு இருப்பதா, விக்கியில் இருப்பதா?

பிணைய நெறிமுறை மென்பொருளின் ஆவணங்களை மூலநிரல் இருக்கும் அதே களஞ்சியத்தில் வைப்பது ஒரு வழி. தனியாக ஒரு விக்கியில் வைப்பது மற்றொன்று. விக்கியின் வசதி வெளிப்படையானது: நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவி தெரியாத ஆதரவுக் குழுவினரும் உலாவியிலேயே பிழையைத் திருத்திவிடலாம். ஆனால் எந்தப் பக்கம் எந்தப் பதிப்புக்கு உரியது என்பது அங்கே எளிதில் மங்கிவிடுகிறது. பழைய பதிப்பை இயக்குபவரும் புதியதை இயக்குபவரும் ஒரே பக்கத்தைப் படிப்பதால், நெறிமுறை மென்பொருளில் இது சிறு குறையன்று.

களஞ்சியத்தில் வைத்தால், காத்திருப்பு நேரத்தின் இயல்பு மதிப்பை மாற்றும் அதே கமிட்டில் (ஒன்றாகப் பதிவாகும் மாற்றத் தொகுப்பில்) அதன் விளக்கமும் மாறவேண்டும் என்று மதிப்பாய்வாளர் வற்புறுத்தலாம். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் உரிய ஆவணம் அதனுடனேயே நிலைத்திருக்கும். மாதிரி அமைவுக் கோப்புகளைத் தானியங்கிச் சோதனையில் இயக்கிப் பார்க்கவும் முடியும். திருத்தம் ஏற்கப்படத் தாமதமாகும் என்பது உண்மைதான்.

நிரல் மாறாமலேயே ஆவணம் பழையதாகும்போது இரண்டு வழிகளும் தடுமாறுகின்றன. எடுத்துக்காட்டாக, இணைய நெறிமுறைகளை விவரிக்கும் எண்ணிட்ட ஆவணங்களான ஆர்எஃப்சிகளில், தரவைக் கொண்டுசேர்க்கும் டிசிபி நெறிமுறையை வரையறுத்த 1981-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 793-இன் இடத்தை 2022-இல் ஆர்எஃப்சி 9293 பிடித்தது, இணைப்பை மறையாக்கம் செய்யும் டிஎல்எஸ் நெறிமுறையின் 1.0, 1.1 பதிப்புகள் இரண்டையும் 2021-இல் ஆர்எஃப்சி 8996 விலக்கியது. வெளியான ஆர்எஃப்சியின் உரை பின்னர் மாற்றப்படுவதில்லை என்பதால் பழைய எண்ணுக்கான இணைப்பு உடையாமல் திறக்கும். அதனால் ஆவணம் பழையதாகிவிட்டதை இணைப்புகளைச் சரிபார்க்கும் கருவியும் கண்டுபிடிக்காது.

அளவுருக்கள், கட்டளைகள், பிழைச்செய்திகள் ஆகியவற்றின் விளக்கத்தை நான் களஞ்சியத்தில்தான் வைப்பேன். சிக்கல் தீர்த்த அனுபவக் குறிப்புகளுக்கு, தேதியிட்டு எழுதும் பழக்கம் இருந்தால், விக்கி போதும்.