பரவைக்கடல் ஓரத்தில் கொட்டேஜ் எடுக்கிறீர்களா? முதலில் கிணற்றைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் நண்பர்களோடு இரண்டு நாள் தண்ணீர்க்கரையில் ஆறுதலாகக் கிடந்து எழும்ப வேண்டுமென்றால் எங்களுக்கு இருப்பது பரவைக்கடல்தான். நுவரெலியா கிரகறி ஏரியின் குளிரும் மூடுபனியும் இங்கே கிடையாது. இருப்பது கரையோரத்தில் முழங்கால் அளவு, இடுப்பளவு ஆழத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும் உப்புநீர், கண்டல் மரங்கள், மீன்பிடிச் சிறகுவலைத் தடிகள், பின்னேரத்தில் நிறம் மாறும் வானம். அந்த அமைதி வேறெங்கும் கிடைக்காது என்பதை உறுதியாகச் சொல்லலாம். ஆனால் அந்தக் கரையில் வாடகைக்கு விடும் வீடுகளும் குடில்களும் எல்லாம் ஒரே தரமல்ல. எட்டுப் பேர் முதல் பன்னிரண்டு பேர் வரை, இரண்டு இரவு தங்குவதை மனதில் வைத்துத்தான் இந்த மதிப்பீடு. எந்த இடத்தின் பெயரும் சொல்லப்போவதில்லை; எதைப் பார்த்து எடுக்க வேண்டும், எங்கே பிழைக்கும் என்பதுதான் விஷயம்.

விளம்பரப் படங்களில் ஊஞ்சல் இருக்கும், மரமேடை இருக்கும், அஸ்தமனம் இருக்கும். கிணறு இருக்காது. இந்தக் கரைகளில் தங்கல் நல்லபடி போவதும் குழம்புவதும் கிணற்றால்தான்.

குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதற்குள் இறங்கி, கீழே கிடக்கும் உப்புநீருக்கு மேல் ஒரு படையாக மிதக்கிறது. கரையை நெருங்க நெருங்க அந்த நல்ல தண்ணீர்ப் படை மெலிந்துகொண்டே போகும். மோட்டரை மணிக்கணக்காக ஓடவிட்டால் மேலே இருந்த நல்ல தண்ணீர் இறங்க, கீழே இருந்த உப்புநீர் ஏறிவிடும். விடிய ஏழு மணிக்குப் பத்துப் பேரும் ஒன்றாகக் குளிக்க, தாங்கி வெறுமையாக, திரும்பத் திரும்ப மோட்டர் போட, மத்தியானம் பைப்பில் வருவது சவர்த்தண்ணீர். கிணற்றின் குணம் தெரிந்த வீட்டுச் சொந்தக்காரர் விடிய அரை மணி, பின்னேரம் அரை மணி என்று பிரித்துத்தான் இறைப்பார். "ஒரு நாளைக்கு எத்தனை தரம் மோட்டர் போடுவீர்கள்?" என்று தொலைபேசியிலேயே கேளுங்கள். "எப்பவும் போடலாம், பிரச்சினையில்லை" என்று மறுமொழி வந்தால் நேரில் போய்ப் பார்க்காமல் அட்வான்ஸ் கட்ட வேண்டாம்.

நேரில் போனால் பார்க்க வேண்டியது மூன்று. கிணற்றுத் தண்ணீரில் கை நனைத்துச் சவர்க்காரம் போட்டுத் தேயுங்கள். நுரைக்காமல் கையில் திரிதிரியாக ஒட்டினால் தண்ணீர் வன்மையானது, அதில் பருப்பு இலகுவில் அவியாது, தலைமயிரும் சடைபிடிக்கும். கேத்திலின் அடியையும் ஷவர் துவாரங்களையும் பாருங்கள். வெள்ளைச் சுண்ணாம்பு படிந்திருப்பது சாதாரணம், துவாரங்கள் பாதி அடைபட்டிருந்தால் பராமரிப்பு இல்லை என்று அர்த்தம். கடைசியாக ஒரு பிளேன்ரீ கேட்டு வாங்கிக் குடியுங்கள். சவர் இருந்தால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

தாங்கியின் அளவும் முக்கியம். குளிப்பு, கழிப்பறை, பாத்திரம் கழுவுதல் எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லீற்றர் என்று வையுங்கள். பத்துப் பேருக்கு 1000 லீற்றர். கூரையில் 500 லீற்றர் தாங்கி ஒன்று மட்டும் இருந்தால் முதலில் எழும்பிய ஐந்து பேர் குளிப்பார்கள், மற்றவர்கள் தாங்கி திரும்ப நிறையும் வரை காத்து நிற்க வேண்டும். அதுவும் கரண்ட் இருந்தால். கரண்ட் போனால் மோட்டரும் நிற்கும். ஜெனரேற்றர் இருக்கிறது என்பார்கள், அது லைற்றுக்கும் மின்விசிறிக்கும் மட்டுமா, மோட்டரையும் இழுக்குமா என்று பிரித்துக் கேட்க வேண்டும். கப்பியும் வாளியும் உள்ள திறந்த கிணறாக இருந்தால் அந்தக் கவலையே இல்லை. பனைநிழலில் கிணற்றடிக் குளிப்பு ஷவரைவிடத் திறம் என்பது எங்கள் கருத்து.

குடிதண்ணீரை வீட்டுக்காரர் பொறுப்பில் விட வேண்டாம். வெக்கைக் காலத்தில் ஆளுக்கு நாளுக்கு மூன்று லீற்றர் காணும். பத்துப் பேருக்கு இரண்டு நாளைக்கு 60 லீற்றர். 19 லீற்றர் போத்தல் மூன்றும் கொஞ்சமும். தேத்தண்ணீருக்கும் சமையலுக்கும் சேர்த்து ஐந்தாக எடுங்கள். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் எவ்வளவு தூரம் என்றும் ஒருக்காப் பாருங்கள். சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே அழுக்குநீர் வடிகட்டப்படாமலே கிணற்றுக்குள் போய்விடும். ஆகவே தண்ணீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம்.

அடுத்தது காற்று. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும். தெற்கே தண்ணீரைப் பார்த்த கரையில், அதாவது அரியாலைப் பக்கம், அந்தக் காற்று நேரே முகத்தில். நுளம்பு நிற்காது, விசிறி தேவையில்லை, இரவு போர்வை கேட்கும். அதே காற்று காஸ் அடுப்பை அணைக்கும், பிளாஸ்ரிக் கதிரைகளை உருட்டும், சாதாளை என்கிற கடற்தாவரத்தைக் கரைக்குத் தள்ளிக் குவிக்கும். ஆடி, ஆவணியில் தண்ணீர் வற்றிச் சேறு வெளிப்பட, குவிந்த சாதாளை அழுகி வரும் மணம் சிலருக்குத் தலையிடி தரும். புதிதாக வருபவர்கள் இதை வீட்டின் குறை என்று நினைத்துச் சண்டை பிடிக்கிறார்கள். அது பருவத்தின் குணம். மணம் பிடிக்காதவர்கள் தை நடுப்பகுதியிலிருந்து பங்குனிக்குள் போங்கள்: மழை ஓய்ந்து, கிணறு நிறைந்து, தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும் காலம். வலசைப் பறவைகளும் அப்போது நிற்கும். மண்டைதீவு, சரசாலைப் பக்கம் பூநாரைக் கூட்டம் கண்ணில் படலாம். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். கடைசி ஒரு கிலோமீற்றர் கிரவல் ஒழுங்கையாக இருக்கும், வான் அடி தட்டும், டெங்கு நுளம்பும் கூடுகிற காலம் அது.

கரைக்குக் கரை வித்தியாசம் உண்டு. தென்மராட்சியின் கச்சாய்ப் பக்கத்துக்குத்தான் எங்களது முதலிடம். தென்னை, மா, பலா என்று நிழல் இருக்கிறது, வாகனச் சத்தம் இல்லை, சாவகச்சேரிச் சந்தையும் எட்டும் தூரம். அரியாலை நகரத்துக்குக் கிட்ட. இரவு பத்து மணிக்குக் கொத்துரொட்டி வேண்டும் என்கிற கூட்டத்துக்குப் பொருந்தும். மண்டைதீவில் பண்ணைப் பாலத்தின் காட்சியும் நகரத்து விளக்குகளும் வடிவு, கிணறுதான் சந்தேகம். பவுசரில் தண்ணீர் அடித்துத் தருகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உண்மையாகவே நீந்திக் குளிக்க ஆசையென்றால் வேலணைக்குப் போய்ச் சாட்டிக் கடற்கரையை எட்டக்கூடிய வீடு பாருங்கள். மணற்பாங்கான இடம் என்பதால் அங்கே கிணற்றுத் தண்ணீரும் நல்லது. தொண்டைமானாறு அழகில் குறைந்ததல்ல. ஆனால் செல்வச்சந்நிதி முருகனின் சூழல் அது. மச்சமும் குடியும் இல்லாத, கோயில் தரிசனத்தோடு சேர்ந்த தங்கலுக்கு மட்டும் அந்தக் கரையை வைத்துக்கொள்ளுங்கள்.

பரவைக்கடலில் இறங்குவது பற்றி. ஆழமில்லை என்று நம்பி இறங்குகிறவர்கள்தான் காயப்படுகிறார்கள். அடி சேறு, சில இடத்தில் கால் முழங்கால் வரை புதையும். சேற்றுக்குள் மட்டிச்சிப்பி பிளேட் போல நிற்கும். பழைய கன்வஸ் சப்பாத்து போட்டு, காலைத் தூக்கி வைக்காமல் அரக்கி அரக்கி நடவுங்கள். சேற்றில் படுத்திருக்கும் திருக்கை அந்த அசைவுக்கு விலகிப் போகும், மிதித்தால்தான் முள்ளால் குத்தும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குடித்தவர் எவரும் இறங்கக் கூடாது. இடுப்பளவுத் தண்ணீரிலும் சேற்றில் கால் புதைந்து நிலைதடுமாறினால் எழும்புவது கஷ்டம்.

படகுச் சவாரி உண்டு என்று விளம்பரம் சொன்னால் இரண்டு விஷயம் கேளுங்கள். ஆளுக்கொரு லைஃப் ஜக்கெற் இருக்கிறதா? எத்தனை மணிக்குப் போகலாம்? தண்ணீர் வற்றும் நேரத்தில் போனால் படகு தரைதட்டும், எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டிவரும். விடியப் போவது நல்லது. காற்று குறைவு, பறவைகள் அதிகம். பல இடங்களில் இப்போது கடலட்டைப் பண்ணை வேலிகள் வந்துவிட்டன. அவற்றுக்கும் சிறகுவலைகளுக்கும் கிட்டப் போகச் சொல்லி ஓட்டியை நெருக்க வேண்டாம். அது அவர்களின் சோறு.

சமையலறை உண்டு என்பார்கள். போய்ப் பார்த்தால் இரண்டு வாய் அடுப்பும் நாலு பேருக்கான சட்டியும். பத்துப் பேருக்குக் கூழ் காய்ச்ச 15 லீற்றர் பானை ஒன்றும் நீளமான அகப்பையும் கொண்டுபோக வேண்டும். காஸ் சிலிண்டரைத் தூக்கிப் பாருங்கள், பாதிக்குக் குறைவாக இருந்தால் மாற்றிக் கேளுங்கள். வெளியில் மூன்று கல் வைத்து விறகில் காய்ச்ச இடம் தருகிற வீடு என்றால் அதுவே மேல். பனம்மட்டையும் பன்னாடையும் வளவிலேயே கிடக்கும்.

கூழுக்கு அரை கிலோ ஒடியல் மாவை (காய்ந்த பனங்கிழங்கு மா) அரை மணிக்குக் குறையாமல் தண்ணீரில் ஊறவிட்டு, மேல்தண்ணீரை வடித்துவிடுங்கள், இல்லையென்றால் கைக்கும். பலாக்கொட்டை, மரவள்ளி, ஒரு கை அரிசி முதலில் அவிய வேண்டும். பிறகு மீன்தலை, நண்டு. அதற்குப் பிறகு இறால், பயற்றங்காய். அரைத்த செத்தல் மிளகாயையும் புளியையும் ஒடியல் மாவோடு கரைத்து விட்ட பிறகு அடுப்பை விட்டு நகரக் கூடாது, ஐந்து நிமிடம் துழாவாமல் விட்டால் அடிப்பிடித்துப் பானை முழுக்கப் புகைமணம் ஏறும். முருங்கையிலை கடைசியில். மரவள்ளி சேர்ந்த கூழுக்கு இஞ்சி போடுவதில்லை.

மீன், நண்டை வழியில் விடியவே வாங்கிவிடுங்கள். பாசையூர், குருநகர்ப் பக்கம் அன்றைக்குப் பிடித்தது கிடைக்கும். நண்டு ஆளுக்கு 400 கிராம் இல்லாவிட்டால் கோதுதான் மிஞ்சும். கையில் தூக்கிப் பார்த்தால் உருவத்துக்கு மிஞ்சிய பாரம் இருக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியை நம்பாமல் ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியில் வையுங்கள். இறைச்சி சுடுவதற்குச் சிரட்டைக்கரி இரண்டு கிலோ காணும், அடுப்பை வீட்டின் காற்று மறைவில் வையுங்கள்.

படுக்கையறையில் ஏசி இருப்பதைவிட யன்னல் வலை கிழியாமல் இருப்பது பெரிய விஷயம். ஆட்களின் எண்ணிக்கைக்கு நுளம்புவலை இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். பகலில் கடிப்பதுதான் டெங்கு நுளம்பு, ஆகவே திண்ணையில் மத்தியானம் படுப்பவர்களும் நுளம்பு விரட்டும் பூச்சைப் பூச வேண்டும். பனங்காணிகளில் காவோலைக் குவியலுக்குள் விரியன் கிடக்கலாம். இருட்டினால் ரோச் லைற்றும் சப்பாத்தும் இல்லாமல் கிணற்றடிக்குப் போகக் கூடாது. பாம்பு கடித்தால் கட்டுப்போடுவதும் கீறுவதும் வேண்டாம். 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள், சேவை இலவசம். வழிசொல்ல வசதியாக வீட்டின் ஒழுங்கைப் பெயரை வந்த உடனேயே எல்லோரும் தொலைபேசியில் எழுதி வையுங்கள்.

விலை பேசும்போது அறைக்கா, ஆளுக்கா, முழு வீட்டுக்கா என்று முதலே தெளிவாக்க வேண்டும். கரைச்சல் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது: எட்டுப் பேர் என்று பேசிப் பதினொரு பேர் போனால் மேலதிகக் காசு கேட்பது நியாயம், ஆனால் எவ்வளவு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். கரண்ட் காசு, ஜெனரேற்றர் டீசல், சமைத்துத் தரும் அக்காவின் கூலி எல்லாம் வாடகைக்குள்ளா வெளியா என்பதையும் வட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வெளிநாட்டு உறவுகள் வந்து நிற்கும் காலம், விலை ஏறும். கூட்டத்தில் பாதிப் பேர் விரதமாகவும் இருப்பார்கள். அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது. போயா தினத்தில் மதுக்கடை பூட்டு என்பதையும் கணக்கில் வையுங்கள். தேசிய அடையாள அட்டை எல்லோரிடமும் இருக்க வேண்டும்.

குப்பை எடுக்க வண்டி வராத ஒழுங்கைகள் பல. போத்தல், பிளாஸ்ரிக், நண்டுக்கோது என்று மூன்று பையாகப் பிரித்து, முதலிரண்டையும் வாகனத்திலேயே திருப்பிக் கொண்டுபோங்கள். கோதை வளவில் ஒரு முழ ஆழத்தில் தாட்டுவிடுங்கள், மேலாகப் போட்டால் நாய் கிளறும். வெளிக்கிடும் முன் தாங்கியின் அளவைப் பார்த்து, குறைவாக இருந்தால் சொந்தக்காரருக்குச் சொல்லுங்கள். நீங்களாகவே மோட்டரைப் போட்டுவிட்டுப் போக வேண்டாம். நிறுத்த ஆளில்லாமல் ஓடினால் அந்தக் கிணறு அடுத்து வருபவர்களுக்குச் சவர்த்துப் போகும்.